மண்டபத்துக்கு நெட்வொர்க் ஸ்பீக்கர்: எந்த சுவிட்ச், கரண்ட் எங்கிருந்து?

செந்தூல்_ஒலி | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலி வேலை பார்க்கிறேன். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே மேடையோடு பெரிய ஹால். பழைய 100 வோல்ட் லைன் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளில் சத்தம் வாங்கும் நெட்வொர்க் ஸ்பீக்கர் போடலாம் என்று நிர்வாகக் குழு முடிவு எடுத்திருக்கிறது. சுவரில் 12 சின்ன ஸ்பீக்கர். எல்லாம் டான்டே (நெட்வொர்க்கில் சத்தத்தை அனுப்பும் முறை), கரண்டும் அதே கேபிளில், பிஓஇ என்ற முறை வழியாக. மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர் இரண்டு, தாழ்ந்த ஒலிக்குச் சப்வூஃபர் இரண்டு. இவற்றுக்குச் சத்தம் நெட்வொர்க்கில் வரும், கரண்ட் வழக்கமான 13 ஆம்பியர் பிளக்கில்.

எந்த ஸ்பீக்கர் என்ற சண்டை ஒருவழியாக முடிந்தது. இப்போது ஸ்பீக்கர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் வந்து நிற்கிறது. கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனில் "16 போர்ட் பிஓஇ பிளஸ் சுவிட்ச், 150 வாட்" என்று ஒரே ஒரு வரிதான். 16 போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கிறது, உங்களுக்கு 12 ஸ்பீக்கர்தானே, மிச்சமே இருக்கும் என்கிறார். ஸ்பீக்கரின் விவரத்தாளில் "பிஓஇ அல்லது பிஓஇ பிளஸ்" என்று போட்டிருக்கிறது. எனக்கு என்னவோ கணக்கு இடிக்கிறது. மண்டபத்தின் சிசிடிவியும் வைஃபையும் அதே ரேக்கில், அதாவது கருவி அடுக்கும் அலமாரியில்தான் வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போர்ட்_எட்டு | திங்கள், இரவு 10.15

தம்பி, கணக்கு இடிக்கத்தான் வேண்டும். போர்ட் எத்தனை என்பது வேறு, வாட் எவ்வளவு என்பது வேறு. அந்த 150 வாட், 16 போர்ட்டுக்கும் சேர்த்து சுவிட்ச் கொடுக்கக்கூடிய மொத்தம். பிஓஇ பட்ஜெட் என்பது இதுதான். எந்தப் போர்ட்டிலும் 30 வாட் எடுக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை. எல்லாப் போர்ட்டிலும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள்.

2003-இல் வந்த பிஓஇ, தர எண் 802.3ஏஎஃப்: போர்ட்டில் 15.4 வாட் புறப்படும், கருவிக்கு நிச்சயமாகக் கிடைப்பது 12.95. 2009-இல் வந்த பிஓஇ பிளஸ், 802.3ஏடி: போர்ட்டில் 30, கருவியில் 25.5. 2018-இன் 802.3பிடி போர்ட்டில் 60, 90 வாட் வரை போகிறது. அதற்குக் கருவியில் 51, 71.3. நடுவில் குறைவதெல்லாம் கேபிளைச் சூடாக்குவதில் போகிறது. ஏஎஃப்-இல் 0.35 ஆம்பியர், கேபிளின் தடை 20 ஓம் வரை என்று வைத்திருக்கிறார்கள். 0.35 × 0.35 × 20 = 2.45 வாட். 15.4-இல் அதைக் கழித்துப் பாருங்கள், 12.95 வரும். ஏடி-யில் 0.6 ஆம்பியர், 12.5 ஓம். 4.5 வாட் போகிறது, மீதி 25.5. இந்தத் தடைக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேபிள் வாங்கும்போது வேலைக்கு ஆகும்.

ஸ்பீக்கரைச் செருகியதும் சுவிட்ச் நேரே 48 வோல்ட்டைத் தள்ளிவிடாது. முதலில் 10 வோல்ட்டுக்குக் கீழே சின்னதாக ஒன்றை அனுப்பி, எதிர்ப்பக்கம் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று சோதிக்கும். இருந்தால் மேற்கொண்டு நீ எந்த வகுப்பு, எவ்வளவு வேண்டும் என்று கேட்கும். இங்கேதான் உங்கள் பிரச்சினை. சில சுவிட்சுகள் உண்மையில் இழுக்கும் வாட்டைக் கணக்கில் எடுக்கும். சில, வகுப்பைப் பார்த்து முழு 30 வாட்டையும் அந்தப் போர்ட் பேரில் ஒதுக்கி வைத்துவிடும். இரண்டாவது ரகம் என்றால் 150-ஐ 30-ஆல் வகுங்கள்: ஐந்து ஸ்பீக்கர் ஆன் ஆகும், ஆறாவது ஆகாது. எல்லாவற்றையும் சாதாரண பிஓஇ-க்கு இறக்கினாலும் 150-இல் 15.4 ஒன்பது முறைதான் போகும். மூன்று ஸ்பீக்கர் சுவரில் சும்மா தொங்கும். இதில் சிசிடிவி கேமராவும் அதே பட்ஜெட்டில் கை வைக்கும்.

12 ஸ்பீக்கர் × 30 = 360. 24 போர்ட், 370 வாட் என்று பிஓஇ பிளஸ் சுவிட்ச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. கொட்டேஷனில் அந்த 370 இருக்க வேண்டும். கேமராவுக்கு வேறு சுவிட்ச்.

பழைய_ஆம்ப் | செவ்வாய், காலை 7.05

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கிழவன். தம்பி, ஏன் இந்த வம்பு? 100 வோல்ட் லைனில் ஒரே ஒரு ஆம்ப், இரண்டு கம்பி வயர். ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் ஒரு டிரான்ஸ்பார்மர், அதன் டாப்பில் (வாட் அளவைத் தேர்ந்தெடுக்கும் முனை) 6 வாட்டோ 10 வாட்டோ வைத்துக்கொள்ளலாம். கூட்டிப் பார்த்து ஆம்ப் வாட்டுக்குள் வந்தால் முடிந்தது வேலை. ஒரு ஸ்பீக்கர் செத்தால் மற்றது பாடும். உங்கள் சுவிட்ச் செத்தால் மண்டபமே ஊமை. பாஸ்வேர்டு கேட்கும் ஸ்பீக்கரை நான் இன்னும் நம்பவில்லை.

ஜார்ஜ்டவுன்_மிக்ஸர் | செவ்வாய், காலை 8.30

அண்ணே சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. அறிவிப்பு மட்டும் கேட்டால் போதும் என்ற கூடத்துக்கு இன்றும் 100 வோல்ட்தான் என் முதல் தேர்வு. சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பதைத் தொடாதீர்கள் என்றே தம்பிக்கும் சொல்வேன்.

மேல் ஹால் வேறு கதை. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளிச் சுவரில் இருக்கும் ஸ்பீக்கர், மேடைச் சத்தம் நடந்து வருவதற்கு முன்பே பேசிவிட்டால் பேச்சு இரட்டிப்பாகக் கேட்கும். 20 மீட்டரை ஒலி கடக்க ஏறக்குறைய 58 மில்லி செகண்ட் ஆகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித் தாமதம், தனி ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலியின் அளவைச் சரிசெய்வது) வைக்க முடிவதுதான் இந்த ரகத்துக்குக் கொடுக்கும் காசின் பலன். பழைய லைனில் அதைச் செய்ய வேண்டுமென்றால் மண்டலத்துக்கு ஒரு ஆம்ப் வேண்டும்.

ஆனால் பிஓஇ ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெனெலெக்கின் 4430 மாதிரி ஸ்பீக்கரில் உள்ளே 50 வாட் ஆம்ப் இரண்டு இருக்கின்றன. கேபிளில் வருவதோ அதிகபட்சம் 25.5 வாட். மீதி எங்கிருந்து? உள்ளே கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். தவிலில் ஒரு அடி விழும்போது அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், அடுத்த அடிக்குள் கேபிள் அதை நிரப்பும். பேச்சிலும் சாதாரண இசையிலும் உச்சம் ஒரு கணம்தான், சராசரி அதைவிட மிகக் கீழே. அதனால் சமாளிக்கும்.

கல்யாணத்தில் கெட்டிமேளம் வரும் இடத்தை யோசியுங்கள். இரண்டு தவிலும் நாகஸ்வரமும் ஒரே மூச்சில். தாலி கட்டி முடியும் வரை இடைவெளியே கிடையாது. மைக்கும் நாகஸ்வரத்தின் வாய்க்கு எதிரிலேயே இருக்கும். அந்த நேரத்தில் சேமிப்பு நிரம்ப அவகாசம் இல்லை, லிமிட்டர் உள்ளே வந்து சத்தத்தை இறக்கும். நல்ல ஸ்பீக்கர் நாசூக்காக இறக்கும், கிழியாது. ஆனாலும் "ஏன் இப்போ மட்டும் அமுங்குது" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா உங்களிடம்தான் வருவார். அதனால் சுவர் ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஒலியை அனுப்பாதீர்கள். 100 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டிவிடுங்கள். அடியும் கனமும் பிளக்கில் கரண்ட் எடுக்கும் சப்வூஃபரின் வேலை. ராத்திரி விருந்தில் டிஜே வரும்போது இது இன்னும் அவசியம், அவர் பாட்டில் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடைவெளியே இருக்காது.

இன்னொன்று: பிஓஇ பிளஸ் கிடைக்கும் இடத்தில் சாதாரண பிஓஇ-யில் ஓட்டாதீர்கள். இரண்டிலும் ஸ்பீக்கர் பேசும். பாதி வாட்டில் சேமிப்பு மெதுவாக நிரம்பும், அவ்வளவே.

செந்தூல்_ஒலி | செவ்வாய், மதியம் 1.10

போர்ட் அக்கா, மிக்ஸர் அண்ணே, ரொம்ப நன்றி. 370 வாட் கணக்கை கான்ட்ராக்டரிடம் காட்டினேன். "அப்போ வேற கொட்டேஷன்" என்று போய்விட்டார். சரி.

இதற்கிடையே நண்பரிடம், அமைப்புகளை மாற்றக்கூடிய 8 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றை இரவல் வாங்கி, மாதிரிக்கு வந்த இரண்டு ஸ்பீக்கரை மேசையில் வைத்துப் பார்த்தேன். செருகியதும் ஆன் ஆகிறது, டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் ஸ்பீக்கரின் பேர் வருகிறது, பாட்டும் வருகிறது. நாலு நிமிஷம் சொச்சம் கழித்துச் சத்தம் நின்றுவிடுகிறது. பேர் மட்டும் கன்ட்ரோலரில் அப்படியே இருக்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி நாலு நிமிஷம் பாடுகிறது. கேபிள் மாற்றினேன், போர்ட் மாற்றினேன். ஸ்பீக்கர்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள் குழுவில்.

போர்ட்_எட்டு | செவ்வாய், மதியம் 1.32

திருப்பி அனுப்பாதீர்கள்! கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். 4 நிமிடம் 20 செகண்டில் நிற்கிறதா?

செந்தூல்_ஒலி | செவ்வாய், மதியம் 1.50

4.20-க்கு ஒன்றிரண்டு செகண்ட் முன்னே பின்னே. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

போர்ட்_எட்டு | செவ்வாய், மதியம் 2.25

260 செகண்ட். இதைப் பார்த்தாலே ஐஜிஎம்பி (எந்தத் தகவல் யாருக்கு வேண்டும் என்று சுவிட்சுக்குச் சொல்லும் முறை) என்று தெரியும்.

டான்டேயில் எல்லாக் கருவியும் ஒரே தாளத்தில் நடக்க பிடிபி என்ற நேரக் கணக்கு ஓடுகிறது. ஒரு கருவி தலைமை ஏற்று, 224.0.1.129 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும்) முகவரிக்கு நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்றவை அதைக் கேட்டுத் தங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளும். உங்கள் இரவல் சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஆன் ஆகியிருக்கும். அதாவது, யார் கேட்டார்களோ அந்தப் போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை விடுவேன் என்கிறது சுவிட்ச். ஸ்பீக்கர் ஆன் ஆனவுடன் "எனக்கு வேண்டும்" என்று ஒரு முறை கை தூக்கும். சுவிட்ச் குறித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. நெட்வொர்க்கில் ஒருவர் 125 செகண்டுக்கு ஒரு முறை "இன்னும் யாருக்கெல்லாம் வேண்டும்?" என்று வகுப்பில் ஆஜர் எடுப்பது மாதிரி கேட்க வேண்டும். அவர்தான் குவெரியர். அவர் இல்லையென்றால் ஸ்பீக்கர் மறுபடி கை தூக்காது. இரண்டு சுற்றுக்கும் பதில் சொல்ல 10 செகண்டுக்கும் சேர்த்து 260 செகண்ட் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவிட்ச் பேரை அடித்துவிடும். நேரம் வருவது நின்றது, ஸ்பீக்கர் வாய் மூடியது.

பேர் மட்டும் ஏன் தெரிகிறது? கருவியைக் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் 224.0.0.251-இல் ஓடுகிறது. 224.0.0-இல் தொடங்கும் முகவரிகளை ஸ்னூப்பிங் தடுக்காது, எல்லாப் போர்ட்டுக்கும் விட்டுவிடும். அதனால்தான் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தும் ஹாலில் சத்தம் இல்லாமல் போகிறது. கன்ட்ரோலரில் கடிகாரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கருவி "நான்தான் தலைமை" என்று நிற்கும்.

மருந்து: சுவிட்ச் அமைப்பில் ஐஜிஎம்பி குவெரியர் என்று ஒரு வரி இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். குவெரியருக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கச் சொல்லும், கொடுங்கள். பல சுவிட்ச் இருந்தால் நடு சுவிட்சில் வைப்பது வழக்கம்.

கெப்போங்_தம்பி | செவ்வாய், மாலை 4.02

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்னூப்பிங்கையே ஆஃப் செய்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? நான் மேனேஜ்டு இல்லாத சின்ன சுவிட்சில் ஆறு ஸ்பீக்கர் ஓட்டுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

போர்ட்_எட்டு | செவ்வாய், மாலை 4.40

உங்கள் இடத்தில் ஒலி மட்டுமே அந்தச் சுவிட்சில் இருந்தால் தாராளமாக ஓடும். கிகாபிட் சுவிட்சாக இருக்க வேண்டும், கிரீன் ஈதர்நெட் என்ற மின்சிக்கன வசதி இருக்கக் கூடாது. அந்த 802.3ஏஇசட் சும்மா இருக்கும் போர்ட்டைத் தூங்க வைக்கும், அதிலிருந்து எழும் தாமதம் பிடிபி நேரத்தைக் குலைக்கும். சத்தம் நடுவில் டிக் டிக் என்று விட்டுவிட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். மேனேஜ்டு இல்லாத சுவிட்சில் அது இருந்தால் அணைக்க வழியே இல்லை, வாங்கும் முன் பாருங்கள்.

செந்தூல் தம்பியின் ரேக்கில் வைஃபையும் இருக்கிறது, அதனால் அவருக்கு ஸ்னூப்பிங் வேண்டும். கன்சோலிலிருந்து (ஒலிக் கலவை மேசை) 12 ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தத்தைத் தனித்தனியாக அனுப்பினால் 12 ஃப்ளோ, அதாவது 12 தனி ஓட்டம். அனுப்பும் கருவிக்கு இத்தனை ஃப்ளோதான் என்ற வரம்பு உண்டு, சின்ன இன்புட் பெட்டிகளில் அது மிகவும் குறைவு. அதனால் மல்டிகாஸ்ட் வைப்பார்கள். நான்கு சேனல் கொண்ட ஒரு ஃப்ளோ ஏறக்குறைய 6 மெகாபிட். கிகாபிட் கேபிளுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஸ்னூப்பிங் இல்லாவிட்டால் அது வைஃபை பெட்டிக்கும் போகும். வைஃபை பெட்டி மல்டிகாஸ்ட்டை இருப்பதிலேயே மெதுவான வேகத்தில்தான் காற்றில் விடும். முதல் பாட்டு தொடங்கியதும் விருந்தாளிகளின் இன்டர்நெட் படுத்துவிடும், யாருக்கும் காரணம் புரியாது.

மொத்தத்தில் ஒலிக்குத் தனி விஎல்ஏஎன், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க். குவெரியர் அந்த விஎல்ஏஎன்-இல். சிசிடிவியும் விருந்தாளி வைஃபையும் வேறு விஎல்ஏஎன். டான்டேயைக் காற்றில் அனுப்பப் பார்க்க வேண்டாம், ஐபேடில் கன்சோலைக் கட்டுப்படுத்த மட்டும் வைஃபை போதும்.

முன்னுரிமை வைப்பதும் ஒரு வரியில்: பிடிபி-க்கு டிஎஸ்சிபி (முன்னுரிமைக் குறியீடு) 56, சத்தத்துக்கு 46, சுவிட்சில் ஸ்டிரிக்ட் பிரையாரிட்டி, உயர்ந்தது எப்போதும் முதலில். ஏஇஎஸ்67 (நெட்வொர்க் ஒலிக்கான இன்னொரு முறை) கருவி ஏதாவது கலந்தால் கவனம். அங்கே 46 பிடிபி-க்கு, சத்தத்துக்கு 34. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால் ஒன்றின் சத்தமும் இன்னொன்றின் கடிகாரமும் ஒரே வரிசையில் நிற்கும். உங்களிடம் எல்லாமே டான்டே, கவலை இல்லை.

டிபி_பெட்டி | செவ்வாய், இரவு 8.20

பிரிக்பீல்ட்ஸில் வயர்மேன் வேலை பார்க்கிறேன். எல்லாரும் சுவிட்சைப் பற்றியே பேசுகிறீர்கள். பிளக் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில், ரேக்குக்கும் மேடைக்கும் டிபி பெட்டியிலிருந்து (மின்விநியோகப் பெட்டி) தனி லைன் எடுங்கள், தனி ஆர்சிசிபி-யோடு (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). பல மண்டபங்களில் மேலும் கீழும் ஒரே ஆர்சிசிபி-யில்தான் ஓடுகின்றன. கீழே சமையல்கட்டில் ஈரமான கெட்டில் ஒன்று கசிந்தால் மேலே மேடை இருட்டாகிவிடும். அப்புறம், ஸ்பீக்கரின் பவர் சப்ளை ஒவ்வொன்றும் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மில்லி ஆம்பியர் கணக்கில்தான். ஆனால் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யில் பத்துப் பெட்டி சேர்ந்தால்? 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழ அதற்கு அனுமதி உண்டு. ஒரு தப்பும் நடக்காமலேயே விழும். பவர் ஸ்பீக்கர் அதிகமுள்ள இடத்தில் இரண்டு மூன்று ஆர்சிசிபி-யாகப் பிரித்து வையுங்கள். 30-ஐ 100 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது ஆள் உயிருக்காக வைத்தது.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே மெயின் சுவிட்சில் தட்டி எழுப்பாதீர்கள். சப்வூஃபர் ஆன் ஆகும் கணத்தில் கண்டென்சரை நிரப்ப நிறைய இழுக்கும், எம்சிபி (கரண்ட் அதிகமானால் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். ஒவ்வொன்றாக ஆன் செய்யும் சீக்வென்சர் போடுங்கள். வரிசை இப்படி: நெட்வொர்க் சுவிட்ச், அது முழுசாக எழுந்த பிறகு கன்சோல், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது தலைகீழாக.

மூன்றாவது, நெட்வொர்க் சுவிட்சுக்கு யுபிஎஸ் கட்டாயம். அரை செகண்ட் கரண்ட் போய் வந்தால் பழைய ஆம்ப் ஒரு முறை முனகிவிட்டுப் பாடும். சுவிட்ச் அப்படி இல்லை, முழுசாக எழுந்து வர ஒன்றிரண்டு நிமிஷம் எடுக்கும். பிஓஇ ஸ்பீக்கர் எல்லாம் அதோடு சேர்ந்து அணைந்து எழும். யுபிஎஸ் வாங்கும்போது சுவிட்ச் மட்டும் தின்னும் வாட்டைப் பார்க்காதீர்கள். 370 வாட் பட்ஜெட் முழுக்க அந்த யுபிஎஸ் வழியாகத்தான் வரும்.

நான்காவது, இடி. சாயங்காலம் கோலாலம்பூரில் இறங்கும் இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே கார் பார்க் கொட்டகைக்கும் ஸ்பீக்கர் உண்டா தம்பி?

செந்தூல்_ஒலி | செவ்வாய், இரவு 8.45

உண்டு அண்ணே. கொட்டகையில் இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்கிறார்கள். செம்பு கேபிளையே இழுத்துவிடலாம், 80 மீட்டர்தான் என்கிறார் கான்ட்ராக்டர்.

டிபி_பெட்டி | செவ்வாய், இரவு 9.05

வேண்டாம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே செம்பு இழுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலே அந்தக் கேபிளில் வோல்டேஜ் ஏறும். அது நேரே உங்கள் 24 போர்ட் சுவிட்சில் போய் முடியும். ஃபைபர் போடுங்கள். கண்ணாடிக்குக் கரண்ட் கடத்தத் தெரியாது. இரண்டு பக்கமும் எஸ்எஃப்பி மாட்யூல் (ஃபைபரைச் சுவிட்சில் இணைக்கும் முனை), மல்டிமோடு வகை ஃபைபரே 500 மீட்டர் தாண்டிப் போகும். ஆனால் ஃபைபரில் பிஓஇ போகாது என்பதை மறக்காதீர்கள். கொட்டகையில் ஒரு சின்ன பிஓஇ சுவிட்ச், அதற்கு அங்கேயே ஒரு பிளக், பூட்டிய பெட்டி வேண்டும். அந்தச் செலவையும் கொட்டேஷனில் கேளுங்கள்.

பழைய_ஆம்ப் | புதன், காலை 6.50

இதெல்லாம் படித்தபிறகு என் 100 வோல்ட் மேல் பாசம் கூடித்தான் போனது. ஒரு சந்தேகம். மேடை ஒரு ஃபேஸில், ரேக் இன்னொரு ஃபேஸில் இருந்தால் நம் காலத்தில் ஹம் என்ற ரீங்கார இரைச்சல் வந்து உயிரை எடுக்கும். உங்கள் நெட்வொர்க்கில் வராதா?

ஜார்ஜ்டவுன்_மிக்ஸர் | புதன், காலை 9.15

வராது அண்ணே, அது ஒரு நிம்மதி. ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, இரண்டு பக்கமும் மின்சாரத்தில் தொடர்பு இல்லை. ஆனால் ஷீல்டு (உலோக உறை) உள்ள கேபிளை உலோக கனெக்டரோடு போட்டால் அந்த ஷீல்டு இரண்டு எர்த்தையும் இணைத்துவிடும். மண்டபத்துக்குள் ஷீல்டு இல்லாத சாதாரண யுடிபி கேபிள் போதும். ஹம் பயம் இன்னமும் இருப்பது மைக்கிலிருந்து கன்சோல் வரைதான்.

கேபிள் பற்றி யாரும் பேசவில்லை. தம்பி, பெட்டியில் சிசிஏ என்று இருந்தால் தொடாதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. டேட்டா போகும், மீட்டரில் பாஸ் ஆகவும் கூடும், பிஓஇ போட்டால் சூடாகும். அக்கா சொன்ன 12.5 ஓம் கணக்கை எடுங்கள், 100 மீட்டரில் சிசிஏ அதைத் தாண்டிவிடும். ஜாலான் பாசாரில் எல்லாத் தரமும் கிடைக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். என் சோதனை இது: பிரிக்காத 305 மீட்டர் பெட்டியின் இரண்டு முனையும் வெளியே எடுக்க வரும். ஒரே நிறக் கம்பியின் இரண்டு முனையிலும் ஓம் மீட்டரை வையுங்கள். 24 கேஜ் தடிமன் சுத்தச் செம்பு என்றால் 26 ஓம் பக்கம் காட்டும். 40 காட்டினால் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். கத்தியால் கம்பியைச் சுரண்டி வெள்ளையாகத் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

கூரைக்கும் பிளாஸ்டர் சீலிங்குக்கும் நடுவில் மதியம் எவ்வளவு சூடு என்று ஏணியில் ஏறித் தலையை நுழைத்துப் பார்த்தால் தெரியும். நெட்வொர்க் கேபிளுக்குச் சொல்லும் 100 மீட்டர் எல்லை என்பது குளிர்ந்த கேபிளுக்கு. சீலிங் வழியாகப் போவதை 80-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். கேபிள்களைக் கத்தையாக இறுக்கிக் கட்டவும் வேண்டாம், நடுவில் இருப்பதுதான் அதிகம் சூடாகும்.

கெப்போங்_தம்பி | புதன், காலை 11.20

சில ஸ்பீக்கரில் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கிறதே? பாதுகாப்புக்கு இரண்டையும் சுவிட்சில் செருகிவிடலாமா?

போர்ட்_எட்டு | புதன், மதியம் 12.05

கருவி ரிடண்டன்ட் அமைப்பில் இருக்கிறதா, ஸ்விட்ச்டு அமைப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்விட்ச்டு என்றால் அந்த இரண்டு போர்ட்டும் உள்ளே ஒன்றாகக் கட்டிய சின்ன சுவிட்ச். இரண்டையும் ஒரே சுவிட்சில் செருகினால் லூப் (தகவல் முடிவில்லாமல் சுற்றும்), செருகிய கணத்தில் எல்லாம் நின்றுவிடும். ரிடண்டன்ட் என்றால் முதலாவது ஒரு சுவிட்சுக்கு, இரண்டாவது முற்றிலும் தனியான இன்னொரு சுவிட்சுக்கு. அந்த இரண்டு சுவிட்சும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. லூப்பைத் தடுக்க ஆர்எஸ்டிபி ஆன் செய்து, ஸ்பீக்கர் போகும் போர்ட்டை எட்ஜ் போர்ட் என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய வகை எஸ்டிபி-யில் போர்ட் திறக்கவே 30 செகண்ட் காத்திருக்கும்.

செந்தூல் தம்பியின் சுவர் ஸ்பீக்கருக்கு ஒரே போர்ட்தான் என்று நினைக்கிறேன். அதற்கு என் யோசனை வேறு. 24 போர்ட் சுவிட்ச் ஒன்றுக்குப் பதில், 200 வாட் பக்கம் கொடுக்கும் சின்ன சுவிட்ச் இரண்டு. சுவரில் ஒன்று விட்டு ஒன்றாக, 1, 3, 5 ஒரு சுவிட்சில், 2, 4, 6 இன்னொன்றில். ஒரு சுவிட்ச் படுத்தாலும் ஹாலின் எல்லா மூலையிலும் ஏதோ ஒரு ஸ்பீக்கர் பேசும். ஆறு ஸ்பீக்கர் × 30 = 180, பட்ஜெட்டும் சரியாக வருகிறது. வாங்கும்போது ஃபேன் இல்லாத ரகமா என்று பாருங்கள். பிஓஇ அதிகம் கொடுக்கும் சுவிட்சுகளில் ஃபேன் இரைச்சல் உண்டு, உங்கள் ரேக் மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தால் மைக் அதைப் பிடிக்கும்.

செந்தூல்_ஒலி | வியாழன், இரவு 9.10

குவெரியரை ஆன் செய்ததும் மாதிரி ஸ்பீக்கர் இரண்டும் நிற்காமல் பாடுகின்றன, சாயங்காலம் முழுக்க ஓட விட்டுப் பார்த்தாயிற்று. குழுவிலும் ஒத்துக்கொண்டார்கள்: 200 வாட் சுவிட்ச் இரண்டு, கொட்டகைக்கு ஃபைபர், ரேக்குக்குத் தனி ஆர்சிசிபி, யுபிஎஸ். சாப்பாட்டுக் கூடத்து 100 வோல்ட் அப்படியே இருக்கும். பழைய ஆம்ப் அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஃபேன் இல்லாத சுவிட்ச் 200 வாட்டில் கிடைக்கவில்லை, அதனால் ரேக்கை மேடைப் பக்கத்திலிருந்து மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு மாற்றுகிறோம். ஏர்கோன் இல்லாத அறை, ஜன்னல் மட்டும் உண்டு. சூடு பரவாயில்லையா?

போர்ட்_எட்டு | வியாழன், இரவு 9.48

பிஓஇ-யில் வெளியே போகும் வாட் ஸ்பீக்கரில்தான் சூடாக மாறும், ரேக்கில் தங்குவது பவர் சப்ளையின் நஷ்டமும் சுவிட்சின் சொந்தச் செலவும்தான். ஆனாலும் மூடிய அறையில் அது சேரும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போடுங்கள், யுபிஎஸ்ஸை ரேக்கின் அடித்தட்டில் வையுங்கள். சூட்டில் முதலில் சாவது அதன் பேட்டரிதான். சுவிட்ச் விவரத்தாளில் எத்தனை டிகிரி வரை என்று இருக்கும். 40 என்று போட்டிருந்தால் 50 போட்டதைத் தேடுங்கள்.

இரண்டு சுவிட்சையும் இணைக்கும் கேபிளை மறக்காதீர்கள். குவெரியர் முதல் சுவிட்சில், கன்சோலும் அதிலேயே. தலைமைக் கடிகாரமாக கன்சோலை வையுங்கள், சுவர் ஸ்பீக்கர் எதையும் வேண்டாம். முதல் சுவிட்ச் செத்தால் கன்சோலை இரண்டாவதில் மாற்றிச் செருக ஒரு நீளக் கேபிளை ரேக்கிலேயே தொங்கவிடுங்கள். இரண்டாவதிலும் குவெரியர் ஆன் ஆகியிருக்கட்டும். இரண்டு பேர் இருந்தால் ஐபி எண் சின்னதாக இருப்பவர் கேள்வி கேட்பார், மற்றவர் சும்மா காத்திருப்பார். முதலாமவர் போனதும் இவர் தானாக எடுத்துக்கொள்வார். எல்லாம் சரியாக ஓடியதும் இரண்டு சுவிட்சின் அமைப்பையும் கோப்பாக எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு, பாஸ்வேர்டை எழுதிக் குழுச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.